இருபத்தெட்டாம் பாகத்தில் அண்ணன் பிழைத்துக்கொள்கிறார்

பெய்ஜிங்
20 மார்ச் 2009

அன்புள்ள அண்ணி,

வீட்டுக்கு எழுதாமல் சுரங்கத்து விளக்கறை முகவரிக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஃபோனில் பேசினால் அந்த இரண்டு அறை வீட்டில் அம்மாவின் காதுக்குத் தப்பி எதுவும் போகாது. நீங்கள் தொழிலாளிகளுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் ஜன்னலுக்குத் தபால்காரர் தினமும் வருவார் என்று சொன்னீர்களே, அதனால்தான் இந்த ஏற்பாடு.

கம்பெனி ஒப்புக்கொண்டுவிட்டது! முப்பது பாகத் தொலைக்காட்சித் தொடர். வசந்த விழா விடுமுறையில் நீங்கள் என்னிடம் சொன்னதையெல்லாம் ஆசிரியர் கோங்கிடம் சொன்னேன். (அவர் எங்கள் தயாரிப்பாளர். இந்தத் தொழிலில் எல்லோரும் எல்லோருக்கும் ஆசிரியர்தான், பாடம் நடத்துகிறவர் ஒருவரும் இல்லை.) மேஜையைத் தட்டி, "இதத்தான் எடுக்கணும். ஒரு எழுத்து குறையாம எடுக்கணும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

எழுத உட்காரும் முன் நடந்ததை இப்படிக் குறித்துக்கொண்டிருக்கிறேன், சரியா என்று பாருங்கள். போன வருஷம் டிசம்பரில் கீழே வெடித்தது. செத்தவர்களில் பாதிப் பேரைத்தான் வெளியே சொன்னார்கள், எண்ணிக்கை கூடினால் விஷயம் மாகாணத் தலைநகர்வரை போய்விடும் என்று. அவர்கள் கணக்கில் மீதிப் பேர் சாகவே இல்லை. அண்ணன் அந்த மீதியில் ஒருவர். உங்களை வெளியூர் ஓட்டலில் அடைத்துவைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தூரத்து மாவட்டத்துக்கு உங்களை மட்டும் கூட்டிப்போய் அங்கே அவரை எரித்தார்கள், சாம்பலைக்கூடக் கையில் தரவில்லை. "ஷின்ஜியாங்குக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லிக்கங்க" என்று சுரங்க மேலாளர் பெங் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பினான். வெளியே சொன்னால் கொடுத்த பணம் திரும்பப் போகும், உங்கள் வேலையும் போகும்.

இவ்வளவுதானே? எதையாவது விட்டிருந்தால் எழுதுங்கள்.

உங்கள் யாலின்

*

ஹெய்ஷிகோ
9 ஏப்ரல் 2009

யாலின்,

சரியாகத்தான் எழுதியிருக்கிறாய். ஒன்றை விட்டுவிட்டாய். அதற்கப்புறம் நான் வீட்டுக்கு வந்ததை எழுதவில்லை.

ஓட்டலிலிருந்து வந்ததும் உன் அம்மா முன்னால் நின்று, "அத்தை, அவரு ஷின்ஜியாங் போயிட்டாரு, அவசர வேலையாம்" என்றேன். அடுப்பில் தினைக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. "சரி, சாப்பிடு" என்றாள். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றையிலிருந்து இன்றுவரை கேட்கவில்லை. யார் விசாரித்தாலும் எனக்கு முந்திக்கொண்டு, "எம்புள்ள ஷின்ஜியாங்ல இருக்கான், நல்ல சம்பளம்" என்கிறாள். அவள் நம்பிவிட்டாள், யாலின். என் வாயால் சொன்ன பொய்யை அப்படியே நம்பிவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நாக்கை அறுத்துப் போட்டுவிடலாம்போல இருக்கிறது. அவர் பெற்ற பெண் தோதோவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் வரைபடத்தில் ஷின்ஜியாங் எங்கே என்று கேட்டால் முதலில் கை தூக்குகிறாளாம்.

துக்கத்துக்கு வெள்ளைத் துணி தலையில் கட்டவில்லை. வாசலில் எதுவும் ஒட்டவில்லை. விளக்கறையில் பேட்டரிக்கு மின்சாரம் ஏறும்போது ஓர் இரைச்சல் வரும், அந்த இரைச்சலில் அழுதுகொள்கிறேன். அவர் விளக்கு இருந்த மாடத்தை வேறு ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நீ என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள். பெயரை மாற்று, ஊரை மாற்று, அவரை உயரமாக்கு, குடிகாரராகக்கூட ஆக்கு. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை. அவர் சாக வேண்டும். எங்கேயாவது ஓர் இடத்தில், நாலு பேர் பார்க்க, அவர் செத்தார் என்று இருக்க வேண்டும்.

காய்மெய்

*

பெய்ஜிங்
2 செப்டம்பர் 2009

அன்புள்ள அண்ணி,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னியுங்கள். நல்ல சேதியோடு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கதையை மேலிடத்துத் தணிக்கைக் குழு படித்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறது. "ரொம்பக் கறுப்பா இருக்கு" என்று அவர்கள் சொன்னதாக ஆசிரியர் கோங் சொன்னார். நிலக்கரிச் சுரங்கம் வேறு எந்த நிறத்தில் இருக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவர்களும் கெட்டவர்கள் இல்லை, அண்ணி. ஒருவர் எனக்கே ஃபோன் செய்து, "நல்லா எழுதறீங்கம்மா, அதனாலதான் வழி சொல்றேன்" என்று அன்பாகப் பேசினார்.

அவர் சொன்ன வழி இதுதான். கதையை 1940க்குக் கொண்டுபோய்விட வேண்டும். ஜப்பான்காரர்கள் பிடித்துவைத்திருந்த சுரங்கம் என்று வைத்துக்கொண்டால் எத்தனை பேர் வேண்டுமானாலும் சாகலாம், எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம், ஒருவரும் தடுக்கமாட்டார்கள். இங்கே நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். இது இன்றைய கதைதான் என்று பார்க்கிறவர்களுக்குப் புரியும் என்று ஆசிரியர் கோங் சொல்கிறார். உங்கள் நிபந்தனையும் நிறைவேறும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

யாலின்

*

ஹெய்ஷிகோ
11 செப்டம்பர் 2009

யாலின்,

உன் அண்ணன் கீழே இறங்கும்முன் செல்ஃபோனை உடைமாற்றும் அறைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். மூன்று நாள் நான் அதற்கு அடித்துக்கொண்டே இருந்தேன். பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து தோதோ பாடிப் பதிந்த பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது, பேட்டரி தீரும்வரை. அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். 1940இல் அந்தப் பெட்டியை எங்கே வைப்பாய்?

அவரைக் கொன்றது ஜப்பான்காரன் இல்லை. பெங். தினமும் என் ஜன்னலுக்கு வந்து தேநீர்க் குவளையில் வெந்நீர் பிடித்துக்கொண்டு போகிறான். "உடம்பு எப்படியிருக்கு தங்கச்சி?" என்று வேறு கேட்கிறான்.

காய்மெய்

*

பெய்ஜிங்
24 ஜனவரி 2010

அன்புள்ள அண்ணி,

ஜெயித்துவிட்டேன்! முழுசாக இல்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டேன்.

கதை இந்தக் காலத்திலேயே நடக்கிறது. சுரங்க முதலாளி நல்லவராகிவிட்டார், அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றம் முழுக்க ஒரு குத்தகைக்காரன் தலையில் விழுகிறது, இருபத்தொன்பதாம் பாகத்தில் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கீழே மாட்டிக்கொண்டவர்களை எல்லாரும் சேர்ந்து மீட்கிறார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. அந்த ஒருவர் அண்ணன்.

அந்த ஒரு சாவுக்காக ஆறு கூட்டத்தில் சண்டை போட்டேன். "ஒருத்தர்தானே, சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று கடைசியில் விட்டுக்கொடுத்தார்கள். படப்பிடிப்பும் முடிந்தது. அண்ணனாக நடித்தவர் வடகிழக்குக்காரர், நம் ஊர் வழக்கப்படி நூடுல்ஸில் நிறைய வினிகர் ஊற்றச் சொன்னால் மருந்து மாதிரி ரெண்டு சொட்டு விட்டார். குவளையைப் பிடுங்கி நானே ஊற்றிக் காட்டினேன். இருபத்தெட்டாம் பாகத்தில் விளக்கறைப் பெண் ஜன்னலில் நிற்கிறாள். ஒவ்வொருவராக வந்து விளக்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். ஒரு மாடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. படம் எடுத்து முடித்ததும் விளக்குப் பிடிக்கிற ஆட்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

யாலின்

*

ஹெய்ஷிகோ
22 பிப்ரவரி 2010

யாலின்,

உன் கடிதத்தை விளக்கறையிலேயே நாலு தடவை படித்தேன். ஜன்னலில் வரிசை நின்றது, "என்ன அண்ணி, காதல் கடிதமா?" என்று பசங்கள் கேலி செய்தார்கள். ஆமாம்டா என்றேன்.

முதலாளி நல்லவனாக இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கு அவன் வேண்டாம்.

நான் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். அந்தப் பாகம் வரும் நாளில் உன் அம்மாவையும் தோதோவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வேன். என் வாயால் சொல்லக் கூடாது என்றுதானே கையெழுத்து வாங்கினார்கள். டிவி சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? அந்தக் காலி மாடத்தைப் பார்த்ததும் உன் அம்மா என் பக்கம் திரும்புவாள். நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். அப்புறம் மூன்று பேரும் சேர்ந்து அழுவோம். டிவி பார்த்து அழுகிறார்கள் என்று தெரு நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு வருஷத்துக்கும் மேலாயிற்று யாலின். ஒரு தடவைகூடச் சத்தம் போட்டு அழவில்லை. எப்போது வருகிறது என்று மட்டும் எழுது.

காய்மெய்

*

பெய்ஜிங்
20 அக்டோபர் 2010

அண்ணி,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். தொடர் இந்த மாதம் வருகிறது என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து இருபத்தெட்டாம் பாகத்தைப் பார்க்காதீர்கள். அம்மாவையும் பார்க்க விடாதீர்கள். மின்சாரத்தைப் பிடுங்கிவிடுங்கள், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கோடையில் வேறு எங்கோ ஒரு சுரங்கத்தில் விபத்து நடந்ததாம். அதனால் இந்த நேரத்தில் சுரங்கத்தில் யாரும் சாகிற மாதிரிக் காட்டுவது நல்லதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் ஒன்றும் வரவில்லை, ஒரு ஃபோன், அவ்வளவுதான். ஒன்று அவர் பிழைக்க வேண்டும், இல்லையென்றால் முப்பது பாகமும் பெட்டிக்குள் போய்விடும். கம்பெனி மூழ்கிவிடும் என்று ஆசிரியர் கோங் என் முன்னால் கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு எழுத்து குறையக் கூடாது என்று மேஜையைத் தட்டினவர்.

நடிகர் வேறு படத்துக்குப் போய்விட்டார், புதிதாக எடுக்க வழியில்லை. இரண்டாம் பாகத்தில் அவர் குளியல்கூடத்திலிருந்து வெளியே வந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிப்பார். அதை வெட்டி எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். "நான் வந்துட்டேன்" என்று வேறு ஒருவர் குரல் கொடுத்தார். காலி மாடத்தில் விளக்கு வந்துவிடுகிறது. மாற்றத்துக்கு ஒப்புதல் என்று நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

நானும் போட்டேன், அண்ணி. உங்களை மாதிரியே. ஓட்டலில் யாரும் என்னை அடைத்துவைக்கவில்லை, தேநீர் கொடுத்து உபசரித்தார்கள்.

யாலின்

*

ஹெய்ஷிகோ
8 நவம்பர் 2010

யாலின்,

உன் கடிதம் பாகம் வந்து முடிந்த மறுநாள் வந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிழித்துக்கொண்டே இருந்திருக்கலாம் நீ.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். "எங்க யாலின் எழுதினது" என்று உன் அம்மா தெருவையே கூப்பிட்டிருந்தாள். சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு அறை நிறைய ஆட்கள், பாதிப் பேர் கீழே வேலை பார்க்கிறவர்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோதோ என் மடியில். தலையாட்டத் தயாராக இருந்தேன். அவர் வந்தார். ஈரத்தலையோடு, பளபளவென்று.

"அட, மூணு நாளு கீழ கெடந்தவன் சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வர்றான் பாருங்கப்பா!"

"கீழ குளியலறை கட்டிட்டாங்கடா. பெங்கு நமக்குத்தான் சொல்லல."

அறையே சிரித்தது. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "முகத்தக் கழுவி விட்டிருக்காங்க" என்றாள், நல்ல சேதி கேட்டவள் மாதிரி. தோதோ, "அப்பாவும் இப்பிடித்தானே வருவாரு?" என்றாள். பக்கத்து வீட்டு லூ சும்மா இருப்பாளா? "உன் வீட்டுக்காரரும் வருவாரு காய்மெய், அங்க எவளையாவது சேத்துக்கலேன்னா" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். இப்போது ஊரில் அதுதான் பேச்சு. அவர் இன்னொருத்தியோடு இருக்கிறாராம்.

எனக்கு வெறியே வந்துவிட்டது. முந்தாநாள் நம் பழைய சந்திர நாட்காட்டியில் பத்தாம் மாதம் முதல் தேதி. ஊரெல்லாம் செத்தவர்களுக்குக் காகிதத்தில் குளிர்காலத் துணி செய்து எரிக்கிற நாள். போன வருஷம் யாருக்கும் தெரியாமல் எரித்தேன். இந்த வருஷம் ஒளிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். வேலையும் போகட்டும், எல்லாம் போகட்டும். காகிதத்தில் ஒரு கோட்டு வெட்டி ஒட்டினேன். பட்டப்பகலில் தெருமுனை நாற்சந்திக்குப் போய் நின்று, தீக்குச்சியை உரசப் போனேன்.

உன் அம்மா ஓடி வந்தாள். முட்டி வலிக்கிற அந்தக் காலோடு எப்படித்தான் ஓடினாளோ. கோட்டைப் பிடுங்கிக்கொண்டு, தெருவே கேட்கக் கத்தினாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு எவளாவது துணி எரிப்பாளா? டிவில பாத்தல்ல, ஏறி வந்துட்டான்ல? உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு!" என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். லூ வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

நீ ஒரு நல்ல காரியம் செய்தாய், யாலின். பெங் ஊருக்குச் சொன்ன பொய்யை நீ உன் அம்மாவின் கண்ணுக்கே காட்டிவிட்டாய். இனி நான் சொன்னாலும் நம்பமாட்டாள்.

நீ வா. உன் வீட்டுக்குள் வந்து உன் அம்மாவிடம் சொல்வதற்கு எந்தக் குழுவும் உத்தரவு தர வேண்டியதில்லை. அவர் செத்துவிட்டார் என்று உன் வாயால் சொல். அவள் பெற்ற பெண் சொன்னால் நம்புவாள். சொல்லிவிட்டுப் போ. அதற்கப்புறம் நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

காய்மெய்

*

தாய்யுவான் ரயில் நிலையம்
16 நவம்பர் 2010

அண்ணி,

இன்று ஊருக்கு வந்திருந்தேன். நீங்கள் வேலையில் இருந்தீர்கள். உங்கள் ஷிப்ட் முடியும்வரை காத்திருக்கத் தைரியம் இல்லாமல் கிளம்பிவிட்டேன். பெய்ஜிங் வண்டிக்கு நேரமிருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வரும்போது ரயிலில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். "அம்மா, அண்ணன் செத்துட்டாரு." ஷிஜியாசுவாங் தாண்டும்போது அது "அண்ணனுக்கு ஒரு விபத்து" என்று ஆகியிருந்தது. யாங்ச்சுவான் வந்தபோது "அண்ணன் விஷயமா ஒண்ணு சொல்லணும்." மாற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஆள்கூட இல்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அண்ணன் விஷயமா..." என்று நான் தொடங்கியதும், "கதவச் சாத்து" என்றாள். கையைக் கழுவிக்கொண்டு, படுக்கையில் மடித்துவைத்திருந்த போர்வையைத் தூக்கினாள். உங்கள் காகிதக் கோட்டு அடியில் இருந்தது. நீங்கள் செய்த மாதிரி இல்லை, தடிமனாக இருந்தது. ஓரத்தைப் பிரித்து உள்ளே பஞ்சு வைத்து, மறுபடியும் ஒட்டியிருக்கிறாள்.

"இவ பஞ்சே வெக்கல யாலின். வெறும் காகிதம். வெறும் காகிதத்தப் போட்டுக்கிட்டு எம்புள்ள எப்பிடிக் குளிரு தாங்குவான்?"

"அம்மா, உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஓட்டல்லேருந்து வந்து நின்னாளே, அன்னிக்கே தெரியும். பொய் சொல்லத் தெரியாத பொண்ணு, ஒதடு வெளுத்துப்போயி நிக்குது. நான் ஒரு கேள்வி கேட்டிருந்தா அங்கேயே ஒடைஞ்சிருப்பா. ஒடைஞ்சா சும்மா விடுவானா அந்தப் பெங்கு? அதான் நம்பிட்டேன்."

"அப்புறம் தெருவுல ஏம்மா அப்படிக் கத்தினே?"

"லூ பின்னாடியே பெங்கோட மச்சினன் நின்னான். இவ பாட்டுக்குத் தீக்குச்சிய எடுக்கறா. அந்த வேலையும் போயிட்டா பச்சப் புள்ளைய வெச்சிக்கிட்டு எங்க போவா? பைத்தியம்னு சொன்னா விட்டுருவாங்கன்னு கத்தினேன். இழுத்துட்டு வந்ததுல அவ கை செவந்துபோச்சு. தைலம் தடவட்டுமான்னு கேக்கக்கூட வாய் வரல எனக்கு."

அப்புறம் நெடுநேரம் கோட்டின் கழுத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள். "டிவில முகத்தக் கழுவித்தான் விட்டிருந்தாங்க. அங்க கடைசியா அனுப்பறப்ப நெசமா யாராச்சும் கழுவி விட்டாங்களா? ரெண்டு வருசமா அவகிட்ட கேக்கணும்னு இருக்கு" என்றாள். அப்போதுதான் அழுதாள். சத்தம் வராமல் அழுதாள், அண்ணி. நீங்கள் விளக்கறையில் அழுவது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது தெரிந்தது.

இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பொய்யை ஒருவருக்காக ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் ஊருக்கெல்லாம் காட்ட முப்பது பாகம் எழுதினேன். இந்த அறைக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

தேதி தப்பினாலும் பரவாயில்லை, குளிர் இன்னும் முழுசாக இறங்கவில்லை என்கிறாள் அம்மா. நாற்சந்தி வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் சாம்பல் மேட்டில் நீங்களும் அவளுமாகப் போய் எரித்துவிடலாமாம். தோதோவுக்கும் அவளே சொல்லிக்கொள்கிறாளாம். ஒன்று மட்டும் உங்களிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாள். தரையில் வட்டம் போட்டு, அண்ணன் இருக்கிற பக்கம் பார்த்து ஒரு வாசல் விட வேண்டும், இல்லையென்றால் துணி அவருக்குப் போய்ச் சேராது. அது எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அவரை எரித்த இடத்துக்குப் போனது நீங்கள் மட்டும்தான்.

எனக்கு எழுத வேண்டாம், அண்ணி. வீட்டுக்குப் போய் அவளிடம் கை நீட்டிக் காட்டுங்கள்.

யாலின்